நாற்பத்தெட்டு எண்ணும் வரை

மலேசியாவில், கிள்ளானில், எங்கள் மூச்சுப் பயிற்சி ஆசிரியர் சங்கத்தில் சண்டை போடாத ஆட்கள் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொன்று சங்கத்துத் தட்டச்சு இயந்திரம். சங்கத்தின் பெயரில் பிராணாயாமம் என்று போடுவதா, மூச்சுப் பயிற்சி என்று போடுவதா என்றே ஒரு வருஷம் சண்டை போட்டு, உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்ட கூட்டம் அது. பதினோரு வருஷம் செயலாளராக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. அலுத்துப்போனவனைத்தானே ஊர் ஊராக அனுப்புவார்கள், என்னைத் தாம்பரத்துக்கு அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். ஆசிரியராக வேண்டுமென்றால் முந்நூறு மணி நேரப் பயிற்சி, பயிற்சி கொடுத்தவர் கையெழுத்து, சங்கத் தேர்வாளர் கையெழுத்து, மூச்சை உள்ளே நிறுத்தி நாற்பத்தெட்டு எண்ணும் வரை இருத்தல் என்று நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம். அதை எழுதியவனே நான்தான். இரும்புலியூரில் ஒரு நர்ஸ் அம்மா பன்னிரண்டு எண்ணினாலே பாஸ் போட்டு அனுப்புகிறார், அந்தச் சான்றிதழை எப்படி ஏற்பது என்று எங்கள் ஆள் ஒருவரே மூன்று புகார்க் கடிதம் எழுதிவிட்டார். நேரில் போய்ப் பார்த்து வா என்றது கமிட்டி.

புகார் மட்டும் என்றால் ஒரு கடிதத்தில் முடித்திருப்பேன். அந்த நர்ஸ் அம்மாவிடம் படித்துக்கொண்டிருந்த செல்வி என்ற பெண்ணின் கணவன் குமார், எங்கள் சங்கக் கட்டடத்தின் கீழே இருந்த உணவகத்தில் சமையல்காரன். மூன்று வருஷமாகத் தனியாக இருந்தான். பெண்கள் வகுப்புக்கு எங்களுக்கு ஒரு ஆசிரியை தேவைப்பட்டாள். செல்வி தேறினால் சங்கம் கடிதம் கொடுக்கும், கடிதம் இருந்தால் வேலை அனுமதி கிடைக்கும், ஐந்து வயது மகளோடு அவள் கணவனிடம் வந்து சேரலாம். மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். நான் கிளம்பும் அன்று குமார் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊர் பரோட்டாவான ரொட்டி சானாய் நாலு கட்டிக் கொடுத்து, "பார்த்து வாங்க சார்" என்றான்.

முதல் நாள். மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்தால் வெயில் கன்னத்தில் அறைந்தது. எங்கள் ஊர் வெயிலுக்குப் பின்னாலேயே ஒரு மழை வரும். இங்கே வெயிலுக்குப் பின்னால் இன்னொரு வெயில்தான் வருகிறது. ஆட்டோக்காரர் என் பேச்சைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், சிலோனா?"

"மலேசியா."

"அதான் பார்த்தேன். தமிழ் பேசுற, ஆனா ஒரு மாதிரி கீது." மீட்டர் போடச் சொன்னேன். "மீட்டரு பேஜார் பண்ணிக்கினு கீது சார், நானே நியாயமா சொல்றேன்" என்றார். பல்லாவரம் தாண்டும்வரை அந்த நியாயத்தைப் பற்றியே பேசினோம். குரோம்பேட்டையில் ஒரு லாரி எங்கள் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு அந்த லாரி டிரைவரின் வம்சத்தையே விசாரித்தார்.

மேற்குத் தாம்பரத்து லாட்ஜிலும் அதே கேள்வி. சிலோன் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். மேனேஜர் அதை முன்னும் பின்னும் புரட்டி, "மூஞ்சி தமிழ் மூஞ்சிதானே சார், பின்ன ஏன் அந்த நாட்டு பாஸ்போர்ட்டு?" என்று கேட்டார். எங்கள் தாத்தா கப்பலேறிய கதையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு காபி வேண்டும் என்றேன். அந்தக் காபியைப் பற்றி மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க் கோப்பியைக் குவளை குவளையாகக் குடித்தாலும் இந்தச் சின்ன டம்ளருக்கு ஈடாகாது.

இரண்டாம் நாள் வீணாகப் போன நாள். நான் வந்த செய்தி எப்படியோ பெருங்களத்தூர் வரை போயிருந்தது. மூச்சுக்கலைப் பேரவை ஒன்றின் மாநிலத் தலைவராம், காலையிலேயே ஆள் அனுப்பிவிட்டார். போகாவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று போனேன். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஆட்டோ பஞ்சர். டிரைவர் டயரைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனவர் முக்கால் மணி நேரம் திரும்பவில்லை. ஏரிக்கரையில் நின்றபடி எருமைகள் குளிப்பதைப் பார்த்தேன். அவற்றுக்குத்தான் மூச்சு நிதானமாக இருந்தது, எனக்கு வாய்த்த மூச்சாசிரியர்கள் யாருக்கும் அப்படி இருந்ததில்லை.

தலைவர் நல்ல உபசாரி. கலர் வாங்கி வரச் சொன்னார், மிக்சர் வைத்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். மேஜைமேல் ஒரு ஸ்டாண்டில் ஏழு ரப்பர் ஸ்டாம்ப்கள் வரிசையாகத் தொங்கின. வெள்ளிக்கிழமை சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆச்சாரியராம், அப்படி ஒரு பாடத்திட்டம்.

"மூச்சை எவ்வளவு நேரம் நிறுத்தச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"அது அவங்கவங்க சௌகரியம் சார். நாம கட்டாயப்படுத்தறதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க சங்கத்துக்கு எத்தனை சர்டிஃபிகேட் வேணும்னு சொல்லுங்க. பேர் எழுதுற எடத்தை காலியா விட்டே தர்றேன்."

வேண்டாம் என்று கும்பிட்டேன். அவருக்கு வருத்தம். போகும்போது என்னை அகில உலக ஆலோசகராக நியமித்து ஒரு காகிதத்தைக் கையில் திணித்தார். லாட்ஜுக்குத் திரும்பி, காலை நீட்டிப் படுத்து, இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இரும்புலியூர். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் போயிற்று, பிறகு ஒரு எலெக்ட்ரிக் டிரெயின், அதற்குப் பிறகும் திறக்கவில்லை. பக்கத்தில் சைக்கிளில் காய்கறி மூட்டையோடு நின்றவர், "தொறந்தாலும் தொறப்பான் சார், தொறக்காட்டியும் தொறக்க மாட்டான்" என்று ஆறுதல் சொன்னார். நான் குனிந்து கேட்டைக் கடந்தேன். ஊரே அப்படித்தான் கடந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லா அம்மாவை எல்லோரும் சிஸ்டர் என்றார்கள். கன்னியாஸ்திரீ இல்லை. நெஞ்சு நோய் வார்டில் வருஷக் கணக்காக நர்ஸாக இருந்தவர், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையில் ஒரு கிளினிக்கில் வேலை, மாலையில் மாடி அறையில் வகுப்பு. ஆஸ்துமாக்காரர்கள், பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள், இரண்டு பள்ளி ஆசிரியர்கள். என்னைப் பார்த்ததும், "வாங்க சார். எங்களை ஃபெயில் பண்ண வந்திருக்கீங்களாமே" என்று சிரித்தார். நான் அசடு வழிந்தேன்.

வகுப்பைப் பார்த்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது. சிஸ்டர் வாயால் எண்ணவில்லை. உள்ளங்கையால் முழங்காலை மூன்று சுற்று சுற்றி, ஒரு சொடக்குப் போட்டார். அது ஒன்று. மறுபடி மூன்று சுற்று, ஒரு சொடக்கு. அது இரண்டு. வகுப்பு முழுக்க முழங்காலைத் தடவித் தடவிச் சொடக்குப் போட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு சொடக்குக்கு நாலு நொடி. பன்னிரண்டு சொடக்கு என்றால் நாற்பத்தெட்டு நொடி.

அட கடவுளே! எங்கள் சங்கத்தில் ஒரு எண்ணிக்கை என்றால் எவ்வளவு நேரம் என்று நாங்கள் எழுதவே இல்லை. முந்நூறு மணி நேரம் என்று எழுதினோம், காகிதத்தின் அளவு எழுதினோம், முத்திரை எந்த மூலையில் விழ வேண்டும் என்றுகூட எழுதினோம். புகார் எழுதியவர் ஒன்று இரண்டு மூன்று என்று விரைவாக எண்ணி இருபது நொடியில் நாற்பத்தெட்டை முடிக்கிற ஆள். அவருக்குத்தான் இந்த அம்மாவின் பன்னிரண்டு குறைவாகத் தெரிந்திருக்கிறது.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த காரியம் முடிந்தது என்று மனசு லேசாகிவிட்டது. கிளம்புவதற்குள் ஒரு முழு ரவா தோசை சாப்பிட்டுவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

"செல்விக்கு நாளைக்கே தேர்வு வைத்துவிடலாமா?" என்றேன்.

சிஸ்டர் சிரிப்பை நிறுத்தினார். "செல்வி இன்னும் ஒன்பதுலதான் இருக்கா சார். ஆறு வாரம் போனா பன்னெண்டு தானா வரும். ஆனா நீங்க இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, அவளுக்கும் அவசரம். வைங்க. என் கையெழுத்து மட்டும் நான் பார்த்துட்டுத்தான் போடுவேன்."

செல்வி மூலையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சூர்ப் பெண். அவள் வீட்டு வயலெல்லாம் மனை போட்டு மஞ்சள் கல் நட்டாகிவிட்டதாம், தினமும் அந்தச் சேற்றைத் தாண்டிப் பஸ் பிடித்து வருகிறாள். என்னிடம் வந்து, "அவரு எப்படி சார் கீறாரு? எளைச்சிட்டாரா?" என்று கேட்டாள். சமையல்காரன் எங்கே இளைப்பான் என்றேன். அதற்கு அவள் வெட்கப்பட்டுச் சிரித்தது இப்போதும் நினைவிருக்கிறது.

நான்காம் நாள் தேர்வு. பயிற்சி கொடுத்தவர் ஜாடை காட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தேர்வுக்கு உட்காருபவரின் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும், பேசக் கூடாது. இதுவும் நான் எழுதிய விதிதான். சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே பின்சுவரோரம் போய் உட்கார்ந்தார். நான் செல்விக்கு எதிரில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தேன்.

"அது எதுக்கு சார்? கடிகாரம் இருந்தா அதோட பந்தயம் போடுவாங்க. நான் சொடக்குப் போடறேனே" என்றார்.

"நேற்றுதானே இந்தக் குழப்பத்தைத் தீர்த்தோம் அம்மா. இனி நொடிக் கணக்கு. யாரும் எங்கேயும் கேள்வி கேட்க முடியாது" என்றேன் பெருமையாக.

செல்வி மூச்சை இழுத்து நிறுத்தினாள். நான் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. முள் கொஞ்சம் சிக்கிச் சிக்கி ஓடும் பழைய கடிகாரம், கண்ணை எடுத்தால் தவறிவிடும். நாற்பதைத் தாண்டியதும் அவளுக்குப் பின்னால் இருந்து சிஸ்டரின் குரல் கேட்டது.

"போதும், விடுடி!"

தலையைத் தூக்காமலே, பேசக் கூடாது என்று அவருக்குக் கையைக் காட்டினேன். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. செல்வி மூச்சை விட்டாள். விட்டாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது வெடித்தது. தரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இருமினாள். நான் சந்தோஷமாகப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தாளை சிஸ்டரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து செல்விக்குக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"நான் போட மாட்டேன் சார்."

"நாற்பத்தெட்டு வந்துவிட்டதே அம்மா!"

"வந்துது. முதுகுப் பக்கத்துலேர்ந்தே எனக்குத் தெரிஞ்சுது, தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிடுச்சு. புருஷன்கிட்ட போகணும்னு பல்லைக் கடிச்சிட்டு இருந்தா. நாளைக்கு உங்க ஊர்ல இருபது பொம்பளைங்களுக்கு இதையேதான் சொல்லித் தருவா. அதுல ஒருத்திக்கு பிரஷர் இருக்கும், ஒருத்தி மாசமா இருப்பா. வார்டுல நான் பார்த்தது போதும் சார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாதக் கடைசி, அனுமதி, அடுத்த வருஷம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு கையெழுத்துக்காக ஒரு குடும்பத்தைப் பிரித்து வைப்பீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். செல்வி அழத் தொடங்கினாள்.

"எம் பொண்ணுக்கு அவங்க அப்பா மூஞ்சியே மறந்துபோச்சு சிஸ்டர். போட்டோவைக் காட்டி யாருன்னு கேட்டா மாமான்னு சொல்றா."

"தெரியும்டி" என்றார் சிஸ்டர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் கை நீளவில்லை.

பஸ் நிறுத்தம் வரை செல்வியோடு நடந்தேன். இரண்டு பஸ் நிற்காமல் போயிற்று. மூன்றாவது நின்றது, ஆனால் கூட்டம் படியில் தொங்கியது. அவள் ஏறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பெருங்களத்தூர் சாரு கையெழுத்துப் போடுவாரா சார்? சிஸ்டர் போடலன்னா கேட்டுக்கினு வான்னு எங்க அண்ணன் நேத்தே சொல்லிச்சு."

"போடுவார்" என்றேன். பொய் சொல்லி என்ன பயன்? ஏழு ஸ்டாம்ப் வைத்திருப்பவர் எட்டாவதும் செய்து போடுவார். முந்நூறு மணி நேரமும் அவரிடமே படித்ததாக எழுதிக்கொடுப்பார். எங்கள் கமிட்டியும் ஸ்டாம்பைத்தான் பார்க்கும். உண்மையைச் சொல்கிறேன், அவள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போயிருப்பேன். எனக்கு அவ்வளவு அலுப்பு, அவள்மேல் அவ்வளவு இரக்கம்.

அவள் ரோட்டில் இறங்கி, அடுத்த பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"வேணாம் சார். நாப்பதுலயே எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. நீங்க எண்ணுறது மட்டும் எங்கயோ தூரத்துல கேட்டுது. அங்க வந்து நான் எண்ணி, வேற யாருக்குனா அப்படி ஆனா இன்னா பண்றது? சிஸ்டர் மேல எனக்குக் கோவம்தான். ஆனா அவங்க சொன்னது நெசம்."

அடுத்த பஸ்ஸில் அவள் ஏறிவிட்டாள். ஜன்னலில் தலையை நீட்டி, "அவருகிட்ட பக்குவமா சொல்லுங்க சார்" என்றாள். நான் ரவா தோசை சாப்பிடப் போகவில்லை. ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஊர் திரும்ப, விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் போக எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினேன். சானடோரியம் தாண்டியதும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. கொய்யாப்பழக் கூடைக்காரம்மா என் பெட்டியின்மேல் கூடையை வைத்துவிட்டு, "கொஞ்சம் புட்சிக்கோ நைனா" என்றார். பிடித்துக்கொண்டேன். எதிர் சீட்டில் இரண்டு ஆபீஸ்காரர்கள் யாருடைய பிரமோஷனையோ பற்றி ஆங்கிலமும் தமிழும் கலந்து அடித்துக்கொண்டார்கள். சீனியாரிட்டி இருந்தும் ஃபைல் நகரவில்லையாம். இருபது நிமிஷம் கழித்து வண்டி நகர்ந்தது. கூடைக்காரம்மா ஒரு கொய்யாவைத் துடைத்து என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அந்த ஐந்து நாளில் யாரும் எதையும் கேட்காமல் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

விமானத்தில் தூக்கம் வரவில்லை. குமாருக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஆறு வாரம்தான் என்று ஆரம்பிப்பதா, அடுத்த வருஷம் நிச்சயம் என்று ஆரம்பிப்பதா? சிஸ்டரின் பிடிவாதத்தைப் பற்றிக் கொஞ்சம் கூட்டியே சொல்லலாமா? அவன் கத்தினால் கத்திக்கொள்ளட்டும், வாங்கிக்கொள்வோம் என்று மனசைத் தயார் செய்தேன்.

சுபாங் விமான நிலையத்தில் வெளியே வந்தபோது மழை. குமார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கம்பி ஓரம் நின்றிருந்தான். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வாடகைக்கு ஒரு தனி அறை பார்த்துவிட்டானாம், பிள்ளைக்கு ஒரு சின்னக் கட்டில்கூட வாங்கிப் போட்டானாம். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, நடந்துகொண்டே அதையெல்லாம் சொன்னான். அவன் கேட்கும்வரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. நடுவழியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். விதி, சொடக்கு, கடிகாரம், நாற்பத்தெட்டு, கையெழுத்துப் போடாத சிஸ்டர், பஸ் நிறுத்தத்தில் செல்வி சொன்னது, ஒன்று விடாமல் சொன்னேன். அடுத்த வருஷம் என்பதையும் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. பெட்டியைக் கீழே வைத்தான்.

"கண்ணு இருட்டிச்சுன்னா சொன்னா?"

"ஆமாம்."

"அந்த சிஸ்டர் விடச் சொல்லியிருக்காங்க. பின்னாடி இருந்தவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. நீங்க எதிர்லதானே சார் உக்காந்திருந்தீங்க?" அவன் என் முகத்தையே பார்த்தான். "அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு சார்?"

நான் பார்க்கவே இல்லை.